புத்தகம் தருவது கால் பங்கு

என் அலமாரியில் ஒரு தட்டு முழுக்கச் சுயமுன்னேற்ற நூல்கள். அண்மையில் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டியபோது ஓர் ஒற்றுமை கண்ணில் பட்டது. எல்லாவற்றிலும் முதல் மூன்று அத்தியாயங்களில் பென்சில் கோடுகள் அடர்ந்து கிடக்கின்றன. ஓரங்களில் ஆச்சரியக்குறிகள், ஓரிடத்தில் "இது நானேதான்!" என்றுகூட எழுதி வைத்திருக்கிறேன். நூறாம் பக்கத்தை நெருங்க நெருங்கக் கோடுகள் மெலிகின்றன. அதற்கப்பால் தாள்கள் கடையில் வாங்கிய மேனிக்கு இருக்கின்றன. ஒரு நூலின் ஆசிரியர், "கீழே உள்ள கேள்விகளுக்கு விடை எழுதிவிட்டு மேலே படியுங்கள்" என்று கேட்டு, பத்து வரிகளுக்கு இடமும் விட்டிருக்கிறார். அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. அடுத்த பக்கத்தில் என் கோடுகள் தொடர்கின்றன.

சோம்பல் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் வெறும் சோம்பேறி எதற்காகப் பதினான்கு புத்தகங்களை வாங்கி, அவற்றில் பாதியையாவது இரவு விழித்துப் படிக்கிறான்? படித்தபோது உள்ளே ஏதோ நடந்திருக்கிறது. அந்தச் சூடு பொய்யில்லை. அது ஏன் வருகிறது, வந்தது ஏன் மூன்றே நாளில் ஆறிவிடுகிறது, சிலருக்கு மட்டும் ஏன் ஆறாமல் வாழ்க்கையையே திருப்பிப் போடுகிறது என்பவைதான் விளங்கிக்கொள்ள வேண்டியவை.

ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் இதற்கு ஒரு கணக்கே போட்டு வைத்திருக்கிறார். இலக்கண நூலான நன்னூலின் பாயிரத்தில், பாடம் கேட்கும் முறையைச் சொல்லும் இடத்தில் அது வருகிறது. ஆசிரியர் உரைத்ததை மாணவன் எவ்வளவு கருத்தோடு வாங்கிக்கொண்டாலும் "காற்கூறு அல்லது பற்றலன் ஆகும்" என்கிறார். கால் பங்குக்கு மேல் பிடிபடாது. உடன் பயில்பவர்களோடு பழகி ஆராய்ந்தால் இன்னொரு கால் பங்கு. மிச்சமுள்ள அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறருக்குச் செம்மையாக எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேரும்.

ஆசிரியர் இருந்த இடத்தில் இன்று அச்சிட்ட நூல் இருக்கிறது. சுயமுன்னேற்ற வாசிப்பைப் பற்றி நான் அறிந்தவரை, இந்தப் பழைய கணக்கு அப்படியே பொருந்துகிறது. கால் பங்கை முழுப் பங்கு என்று நம்பி வாங்குவதில்தான் வாசகரின் ஏமாற்றம் தொடங்குகிறது. முழுப் பங்கு என்று அட்டையில் அச்சடிப்பதில் பதிப்பகங்களுக்கும் கூச்சம் இல்லை.

கைக்கு எட்டும் இடத்தில்

வாழ்வதற்கு வழி சொல்லும் நூல் புதிய சரக்கு அன்று. எல்லாப் பழைய மொழிகளிலும் நீதி நூல்கள் உண்டு. தமிழில் குறையே இல்லை. ஆனால் படிப்பவர் தன்னைத் தானே பயிற்றிக்கொள்ள ஒரு கையேடு என்ற எண்ணம் துலக்கமாகத் தெரிவது ஸ்டோயிக் என்ற கிரேக்க, ரோமானியத் தத்துவ மரபில். அடிமையாகப் பிறந்து பின்னர் ஆசிரியரான எபிக்டெட்டஸ் எதையும் எழுதி வைக்கவில்லை. அவர் பேசியதை மாணவர் அர்ரியன் தொகுத்தார். அதன் சாரத்தை ஒரு சிறு நூலாகவும் ஆக்கினார். அதன் பெயர் 'என்கெய்ரிதியோன்'. கையில் இருப்பது என்று பொருள். அதே சொல் கிரேக்கத்தில் குறுவாளையும் குறிக்கும். இடுப்பில் செருகிக்கொள்ளலாம், வேண்டும்போது உருவலாம். இரண்டாயிரம் ஆண்டுகளில் இந்த வகை நூல்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை யாரும் வைக்கவில்லை என்பது என் எண்ணம்.

நம் வசத்தில் இருப்பவை சில, இல்லாதவை சில என்று பிரிப்பதில் தொடங்குகிறது அந்தச் சிறு நூல். ஆனால் எனக்குப் பிடித்தது அவருடைய உரைகளில் வரும் வேறோர் இடம். பெரிய தத்துவ ஆசிரியரின் நூலைத் தானாகவே படித்துவிட்டதாகப் பெருமைப்படும் ஒருவரைப் பற்றிய பேச்சு அது. மல்லன் ஒருவனிடம் "உன் தோள்களைக் காட்டு" என்று கேட்கிறேன். அவனோ "என் எடைக்கற்களைப் பார்" என்கிறான். கற்களை நீயே வைத்துக்கொள், அவற்றால் உன் உடம்பில் என்ன விளைந்தது என்பதைத்தான் நான் பார்க்க வேண்டும் என்கிறார் எபிக்டெட்டஸ். என் அலமாரித் தட்டு நினைவுக்கு வராமல் இதைப் படிக்க முடிவதில்லை.

'சுய உதவி' என்ற பெயரிலேயே நூல் வந்தது 1859-இல். எழுதியவர் சாமுவேல் ஸ்மைல்ஸ். மருத்துவம் படித்து, பத்திரிகை ஆசிரியராக இருந்தவர். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்ததும் அதே ஆண்டில்தான், அதே ஜான் மரே பதிப்பகத்திலிருந்துதான். முதல் ஆண்டிலேயே ஸ்மைல்ஸின் நூல் 20,000 படிகள் விற்றது. 1904-இல் அவர் இறப்பதற்குள் இரண்டரை லட்சம். 1871-இல் நகமுரா மசநாவோ அதை ஜப்பானிய மொழியில் பெயர்க்க, மெய்ஜி காலத்து இளைஞர்களின் கைநூலாக அது ஆனது.

ஆனால் அந்த நூல் தனியறையில் பிறந்ததன்று. இங்கிலாந்தின் வடக்கே ஒரு தொழில் நகரத்தில், வறிய இளைஞர்கள் இரண்டு மூன்று பேர் மாலையில் கூடித் தங்களுக்குத் தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். முதலில் ஒருவரின் குடிசையில். கூட்டம் பெருகியதும் கோடையில் தோட்டத்து வெளியில். திடீரென்று மழை வந்தால் சிலேட்டில் போட்ட கணக்கு அழிந்துபோகும், அன்றைய வகுப்பும் கலையும். குளிர்காலம் வந்தபோது வாடகைக்கு இடம் தேடினார்கள். காலரா காலத்தில் தற்காலிக மருத்துவமனையாக இருந்ததால் எவரும் எடுக்க அஞ்சிய ஒரு கூடம் கிடைத்தது. அங்கே வாசிக்க, எழுத, கணக்குப் போட, புவியியல் படிக்க என்று ஏறக்குறைய நூறு பேர் சேர்ந்துவிட்டார்கள். தங்களுக்காகக் கொஞ்சம் பேச வேண்டும் என்று 1845 வாக்கில் ஸ்மைல்ஸைக் கேட்டுக்கொண்டார்கள். அந்தப் பேச்சுகள்தான் நூலின் விதை.

சுய உதவி என்ற சொல்லின் பிறப்பிடம் ஒரு கூட்டு வாசிப்பு என்பதை இன்றைய சந்தை வசதியாக மறந்துவிட்டது. தலைப்பே தவறாகப் போய்விட்டது என்று ஸ்மைல்ஸே பிறகு ஒரு பதிப்பின் முன்னுரையில் வருந்தினார். பெயரை மட்டும் பார்த்தவர்கள் அதைத் தன்னலத்தின் புகழ்மாலை என்று எண்ணிக்கொண்டார்களாம்.

இருபதாம் நூற்றாண்டில் திசை மாறியது. டேல் கார்னெகியின் நூல் 1936-இலும் நெப்போலியன் ஹில்லின் நூல் 1937-இலும் வந்தன. பொருளாதாரப் பெருமந்தத்தில் உலகம் அடிபட்டுக் கிடந்த காலம் அது. குணத்தைத் திருத்துவது எப்படி என்ற கேள்வி, பிறரைக் கவர்வது எப்படி, செல்வம் சேர்ப்பது எப்படி என்ற கேள்விகளுக்கு வழிவிட்டது. வரலாற்றாய்வாளர் வாரன் சுஸ்மன் இதைக் குணத்தின் பண்பாட்டிலிருந்து ஆளுமையின் பண்பாட்டுக்கான நகர்வு என்று குறித்தார். கார்னெகி சொன்னவற்றில் பல எளிய மனிதப் பண்புகள்தாம். பிறர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பதில் யாருக்கு என்ன நட்டம்? ஆனால் கேட்பது அன்பினாலா, காரியம் ஆக வேண்டும் என்பதாலா என்ற இடத்தில் இந்த வகை எழுத்து அன்றிலிருந்து இன்றுவரை தடுமாறிக்கொண்டிருக்கிறது.

சூடு எங்கே ஆறுகிறது

நல்ல சுயமுன்னேற்ற நூல் ஒன்றைப் படிக்கும்போது முதலில் நடப்பது, பெயர் வைத்தல். இத்தனை நாள் மூட்டமாக உள்ளே அலைந்த ஒன்றை ஆசிரியர் ஒரு வரியில் சொல்லிவிடுகிறார். 'வேலையைத் தள்ளிப்போடுகிறவன் வேலைக்கு அஞ்சவில்லை, அதன்மீது பிறர் சொல்லப்போகும் தீர்ப்புக்கு அஞ்சுகிறான்' என்பது போன்ற வரி. படித்தவுடன் நிமிர்ந்து உட்காருகிறோம். பெயரில்லாத பயத்தைவிடப் பெயருள்ள பயம் சிறியது. தன்னைப்போல் வேறொருவரும் இப்படித் தடுமாறியிருக்கிறார் என்பதும் ஒரு துணை. என் ஓரக்குறிப்புகளில் பெரும்பாலானவை இந்த இடங்களில்தான் இருக்கின்றன. இது உண்மையான நன்மை, குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

சிக்கல் அடுத்த அடியில். புரிந்துவிட்டது என்ற உணர்வும் மாறிவிட்டேன் என்ற உணர்வும் மனத்துக்குள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கின்றன. மாறிய வாழ்க்கையைக் கற்பனையில் நிறைவாகப் பார்த்துவிட்டால், அதற்காக உழைக்கும் உந்துதல் குறைந்துவிடுகிறது என்று உளவியலாளர் கேப்ரியல் ஓட்டிங்கன் பல ஆண்டு ஆய்வில் காட்டியிருக்கிறார். விருப்பத்தைக் கற்பனை செய்த கையோடு, குறுக்கே நிற்கும் தடை எது என்பதையும் நினைத்துப் பார்ப்பவர்களே மேலும் நகர்கிறார்கள். அட்டையில் சூரியோதயப் படம் போட்ட நூல்கள் பெரும்பாலும் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கின்றன.

கண்ணாடி முன் நின்று தனக்குத் தானே நல்வாக்குச் சொல்லிக்கொள்ளும் பழக்கத்தைப் பல நூல்கள் பரிந்துரைக்கின்றன. 2009-இல் ஜோன் வுட்டும் உடன் பணியாற்றியவர்களும் இதைச் சோதித்தார்கள். 'நான் அன்புக்குரியவன்' என்ற பொருளுள்ள வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, தன்மதிப்பு ஏற்கெனவே உயர்ந்திருந்தவர்களுக்குச் சற்றே நன்றாக இருந்தது. தன்மதிப்புக் குறைந்தவர்கள், சொல்லாதவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். யாருக்கு மருந்து என்று விற்கப்படுகிறதோ அவருக்கே அது ஒத்துக்கொள்ளவில்லை. நம்ப முடியாத வாக்கியத்தை வாய் சொல்லும்போது உள்ளே ஒரு குரல் எதிர்வாதம் செய்யும் என்பது, யோசித்துப் பார்த்தால், வியப்பானதன்று.

இருபத்தொரு நாளில் பழக்கம் படியும் என்ற கூற்றும் இப்படித்தான். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவர், முகம் மாறியவர்களும் கை கால் இழந்தவர்களும் தங்கள் புதிய உருவத்துக்குப் பழகக் குறைந்தது ஏறக்குறைய 21 நாள் ஆவதாக 1960-இல் எழுதினார். 'குறைந்தது' என்ற சொல் காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது. நோயாளிகளைப் பற்றிய கவனிப்பு எல்லாப் பழக்கங்களுக்குமான விதியாகிவிட்டது. 2010-இல் வெளிவந்த ஆய்வில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் பின்தொடர்ந்து கணித்தபோது, ஒரு செயல் தானாக நிகழும் நிலைக்கு வர ஆன காலம் 18 நாளிலிருந்து 254 நாள்வரை விரிந்தது, நடுமதிப்பு 66. இடையில் ஒரு நாள் தவறினால் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை என்பதும் தெரிந்தது. இருபத்திரண்டாம் நாள் காலையில் எதுவும் மாறவில்லை என்று தன்னையே நொந்துகொண்டு விட்டுவிட்டவர்களுக்கு இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

அப்படியானால் நூல்கள் பயனற்றவையா? இல்லை என்பதற்குச் சான்று உறுதியாக இருக்கிறது. எண்ணங்களைச் சீர்தூக்கிப் பார்த்து மனச்சோர்வைக் குறைக்கும் அறிதல்சார் சிகிச்சை முறையைப் பொதுமக்களுக்காக விளக்கி டேவிட் பர்ன்ஸ் 1980-இல் எழுதிய நூலை எடுத்துக்கொள்வோம். அந்தச் சிகிச்சை முறையின் முன்னோடிகளே எபிக்டெட்டஸுக்குக் கடன்பட்டவர்கள்தாம். நிகழ்ச்சிகள் நம்மைக் கலக்குவதில்லை, அவற்றைப் பற்றி நாம் கொள்ளும் கருத்துகளே கலக்குகின்றன என்ற அவருடைய வாக்கை எடுத்துக்காட்டாமல் அவர்கள் பேசியதில்லை. ஃபாரஸ்ட் ஸ்கோகின் என்ற உளவியலாளரும் குழுவினரும் மனச்சோர்வு உள்ளவர்களிடம் பர்ன்ஸின் நூலைக் கொடுத்து நான்கு வாரத்தில் படிக்கச் சொன்னார்கள். 1989-இல் முதியவர்களிடையிலும் 1995-இல் பிற வயதினரிடையிலும் வெளிவந்த முடிவுகள், காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களைவிட இவர்களுக்குச் சோர்வு தெளிவாகக் குறைந்ததைக் காட்டின. இங்கிலாந்தில் 2013 முதல் மருத்துவர்கள் பரிந்துரைக்கும் நூல்களைப் பொது நூலகத்தில் எடுத்துப் படிக்கும் திட்டம் நடைமுறையில் இருப்பதற்கு இத்தகைய ஆய்வுகளே அடிப்படை.

ஆனால் அந்தச் சோதனைகளில் ஒரு சிறு செய்தி ஒளிந்திருக்கிறது. நூலைக் கொடுத்துவிட்டு ஆய்வாளர்கள் ஒதுங்கிவிடவில்லை. வாரம் ஒரு முறை தொலைபேசியில் சுருக்கமாகக் கூப்பிட்டு, எத்தனை பக்கம் ஆயிற்று, பயிற்சிகளைச் செய்தீர்களா என்று கேட்டார்கள். சிகிச்சை எதுவும் சொல்லவில்லை, கேட்டதோடு சரி. நூலில் உள்ள அட்டவணைகளை நிரப்பவும் வேண்டியிருந்தது. என் புத்தகத்தில் வெற்றிடமாகக் கிடக்கும் பத்து வரிகளை யாராவது செவ்வாய்க்கிழமை தோறும் விசாரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிக்கொள்கிறேன். (லேசான, நடுத்தர மனச்சோர்வுக்கான சான்று இது. தூக்கமும் உணவும் கெட்டு, உயிர்மேல் வெறுப்பு வரும் நிலையில் நூலைத் தேடக் கூடாது, மருத்துவரைத் தேட வேண்டும்.)

பவணந்தியின் கணக்குக்கும் ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்திருக்கிறது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களுக்குச் சிறு உரைநடைப் பகுதிகளைக் கொடுத்தார்கள். ஒரு சாரார் அதையே மறுபடி மறுபடி படித்தார்கள். மற்றவர்கள் ஒரு முறை படித்துவிட்டு மூடி வைத்து, நினைவில் இருப்பதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களே முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். மூடி வைத்து எழுதியவர்களிடமே மிகுதியாகத் தங்கியிருந்தது. ஆனால் தொடக்கத்தில், தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பியவர்கள் மறுபடி படித்தவர்கள்தாம். படித்தது கண்ணுக்குப் பழகிவிட்டால் கைவந்துவிட்டது என்று தோன்றிவிடுகிறது. கண்ணுக்குப் பழகுவது வேறு, வாய்க்கு வருவது வேறு, கைக்கு வருவது வேறு.

படிக்கட்டின் முதல் படி

ஆன்மிக மரபுகள் இந்த வேறுபாட்டை நன்றாகவே அறிந்திருந்தன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கார்த்தூசிய சபையின் கிறித்தவத் துறவி இரண்டாம் கிகோ, வாசிப்பை நான்கு படியுள்ள ஏணி என்றார்: படித்தல், சிந்தித்தல், வேண்டுதல், லயித்தல். படித்தல் உணவை வாயில் வைக்கிறது, சிந்தித்தல் அதை மெல்கிறது, வேண்டுதல் அதன் சுவையைப் பிரித்தெடுக்கிறது, லயித்தலோ அந்த இனிமையே தான் என்பது அவர் சொன்ன உவமை. ஒரு நூற்றாண்டுக்குப் பின், அவரைப் பற்றி ஏதும் அறியாத அருணந்தி சிவாச்சாரியார் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் வேறு நான்கு படிகளைச் சொல்கிறார்: கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை. கடல்களுக்கு இருபுறமும் இருந்த இரு ஆன்மிக மரபுகள் ஏறக்குறைய ஒரே ஏணியைக் கட்டியிருக்கின்றன. இரண்டிலும் நூல் கீழ்ப்படியில்தான் இருக்கிறது. அங்கேயும் கால் பங்கு.

படித்தலிலிருந்து சிந்தித்தலுக்கு ஒருவர் ஏறிய தருணத்தை, பின்னாளில் இயேசு சபையை நிறுவிய இன்யாசியஸ் லொயோலாவின் வரலாற்றில் அருகிலிருந்து பார்க்கலாம். 1521-இல் பம்ப்லோனா முற்றுகையில் பீரங்கிக் குண்டு பட்டு அவர் கால் சிதைந்தது. படுக்கையில் பொழுது போக்கப் போர்வீரர்களின் சாகசக் கதைகள் வேண்டும் என்று கேட்டார். அவருக்கு மிகவும் பிடித்தவை அவை. அந்த வீட்டில் இருந்தவையோ இயேசுவின் வரலாறும் புனிதர்களின் கதைகளும்தான். வேறு வழியின்றிப் படித்தார். இடையிடையே பழைய வீர தீரக் கனவுகளிலும் மணிக்கணக்கில் மூழ்கினார். இரண்டுமே அந்த நேரத்தில் இன்பமாகத்தான் இருந்தன. ஆனால் ஒரு நாள் ஒன்றைக் கவனித்தார். வீரக் கனவு கலைந்த பிறகு மனம் வறண்டு கிடந்தது. புனிதர்களைப்போல் வாழ்வதை எண்ணிப் பார்த்த பிறகோ, எண்ணம் நின்ற பிறகும் நிறைவு தங்கியது.

படிக்கும்போது எப்படி இருந்தது என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. படித்து முடித்த பிறகு எது தங்கியது என்று கேட்டார். சுயமுன்னேற்ற நூல் ஒன்றை மதிப்பிட இதைவிடக் கூர்மையான உரைகல் எனக்குத் தெரியாது. படபடப்பையும் பொறாமையையும் 'நான் பின்தங்கிவிட்டேன்' என்ற பதற்றத்தையும் விட்டுச் செல்லும் நூல்கள் உண்டு; படிக்கும்போது அவையும் எழுச்சியாகத்தான் இருக்கும். பிற்காலத்தில் இன்யாசியஸ் உருவாக்கி, 1548-இல் அச்சான 'ஆன்மிகப் பயிற்சிகள்' படிப்பதற்கான நூலே அன்று. நடத்துபவர் ஒருவர் துணையோடு ஏறக்குறைய முப்பது நாள் செய்து பார்க்க வேண்டியது. தனியே உட்கார்ந்து படித்தால் வெறும் குறிப்பேடு போலத்தான் இருக்கும்.

ஒரே இரவில் ஒரு நூல் ஒருவரை மாற்றியதற்கு எல்லோரும் காட்டும் எடுத்துக்காட்டு காந்தி. 1904-இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு இருபத்து நான்கு மணிநேர ரயில் பயணம். நண்பர் ஹென்றி போலக் நிலையத்தில் கொடுத்த, ஆங்கில எழுத்தாளர் ரஸ்கினின் 'அன்டு திஸ் லாஸ்ட்'. அன்றிரவு தூக்கம் வரவில்லை. (அது பொருளாதாரக் கட்டுரைத் தொகுப்பு. நம்மை மாற்றும் நூல் சுயமுன்னேற்ற அடுக்கில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.) இவ்வளவோடு கதையை நிறுத்துவது வழக்கம். ஆனால் அவரே எழுதியதைத் தொடர்ந்து படித்தால் வேறு சித்திரம் கிடைக்கிறது. அந்த நூலிலிருந்து மூன்று கொள்கைகளை எடுத்துக்கொண்டதாகச் சொல்கிறார். முதலாவது தமக்கு ஏற்கெனவே தெரிந்தது. இரண்டாவது மங்கலாகத் தெரிந்தது. மூன்றாவது, உழைத்து வாழும் வாழ்வே வாழத்தக்க வாழ்வு என்பது, ஒருபோதும் தோன்றாதது. தம் ஆழ்ந்த நம்பிக்கைகள் சிலவே அந்த நூலில் எதிரொளித்ததைக் கண்டதாகவும் எழுதுகிறார்.

"நுண்ணிய நூல்பல கற்பினும் மற்றுந்தன் உண்மை யறிவே மிகும்" என்ற குறள் ஊழ் அதிகாரத்தில் இருப்பதால் அதைச் சலிப்போடு படித்துப் பழகிவிட்டோம். எத்தனை நூல் கற்றாலும் உள்ளே இருப்பதுதான் மேலோங்கும். ஆகவே கற்று என்ன பயன் என்பதாக. காந்தியின் ரயில் பயணத்தை வைத்துப் பார்த்தால் அதே குறள் வேறு முகம் காட்டுகிறது. உள்ளே மங்கலாகக் கிடந்தது மேலோங்க ஒரு நூல் வேண்டியிருந்தது. தென்னாப்பிரிக்காவில் அதுவரை அவர் நடத்திய பதினோராண்டு வாழ்வு இல்லாமல் அதே நூல் அவர் கைக்கு வந்திருந்தால், நன்றாகத் தூங்கியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

மிச்சப் பங்குகளும் உடனே தொடங்கின. பொழுது விடிந்தபோது அந்தக் கொள்கைகளைச் செயலாக்கத் துணிந்து எழுந்தார். உடன் இருந்தவர்களிடம் பேசினார். அவ்வாண்டு முடிவதற்குள் ஃபீனிக்ஸ் பண்ணை உருவாகி, பத்திரிகை அச்சகம் அங்கே போய்ச் சேர்ந்தது. 1908-இல் அந்த நூலின் சாரத்தைக் குஜராத்தியில் 'சர்வோதயம்' என்று எழுதினார். நன்னூல் சொல்லும் அரைப் பங்கு, பிறருக்கு எடுத்துரைப்பது, அதுதானே? படிப்புக் காலத்துக்குப் பின் நூல் படிக்க மிகக் குறைந்த நேரமே கிடைத்தது என்றும், அதனால் பெரிதாக இழக்கவில்லை, கொஞ்சமாகப் படித்ததால் படித்ததைச் செரிக்க முடிந்தது என்றும் அதே இடத்தில் ஒரு வரி இருக்கிறது. பதினான்கு புத்தகக்காரனான என்னை நோக்கி எழுதிய வரிபோல இருக்கிறது.

சுயமுன்னேற்றமும் ஆன்மிக வளர்ச்சியும் ஒரே பாதையா என்ற கேள்வியை இவ்வளவு தூரம் ஒத்திப்போட்டுவிட்டேன். முதலாவது 'நான்' என்பதைத் திருத்தி, வலுப்படுத்தி, உயர்த்தச் சொல்கிறது. எல்லா ஆன்மிக மரபுகளும் எங்கோ ஓரிடத்தில் அந்த 'நானை'க் கீழே வைக்கச் சொல்கின்றன. இரண்டையும் ஒரே அட்டைக்குள் கலந்து விற்கும் நூல்கள் பெருகிவிட்டன: தியானம் செய்தால் வேலைத்திறன் கூடும், நன்றியுணர்வு கொண்டால் செல்வம் வரும். தியானத்தால் கவனம் கூடக் கூடும்தான். ஆனால் கணக்குப் பார்த்துக்கொண்டே செலுத்தும் நன்றி எப்படி நன்றியாகும் என்பது எனக்கு விளங்கவில்லை.

அதற்காக இரண்டும் எதிரிகள் என்றும் சொல்லமாட்டேன். சிதறிக் கிடக்கும் மனத்தைக் கீழே வைக்க முடியாது. ஒரு கைப்பிடியாகத் திரட்டினால்தான் வைக்க முடியும். கோபத்தைக் கவனிக்கப் பழகுவது, சொன்ன நேரத்தில் எழுவது, பிறர் பேசும்போது குறுக்கிடாமல் இருப்பது ஆகிய சிறு பயிற்சிகள் அந்தத் திரட்டலைச் செய்கின்றன. ஆபத்து எங்கே என்றால், படித்ததே ஓர் அணிகலனாகிவிடும்போது. தாயுமானவரைவிட இதைக் கடுமையாகச் சொன்னவர் இல்லை. அவர் தம்மையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டு சொன்னார். "கல்லாத பேர்களே நல்லவர்கள் நல்லவர்கள்" என்று தொடங்கி, கற்றும் அறிவில்லாத தம் நிலையை விவரிக்கிறார். ஞானமே பெரிது என்று நல்லோர் சொன்னால் கர்மமே முக்கியம் என்று வாதிடுவாராம். ஒருவர் கர்மத்தை நாட்டினால் ஞானமே முக்கியம் என்பாராம். வடமொழி வல்லவர் வந்தால் தமிழில் எல்லாம் இருக்கிறது என்று விவகரிப்பார். தமிழறிஞர் வந்தால் வடமொழி வசனம் சிலவற்றை எடுத்து விடுவார். நாலு சுயமுன்னேற்ற நூல் படித்த ஒருவர் வீட்டாரின் கோபத்துக்கும் நண்பரின் துயரத்துக்கும் உடனுக்குடன் பெயர் சூட்டி விளக்கம் கொடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் இந்தப் பாடல் ஓடுகிறது. அந்த ஒருவர் பல நாள் நானாகவும் இருந்திருக்கிறேன்.

இன்னொரு குறையையும் சொல்லிவிட வேண்டும். எல்லாம் உன் கையில்தான் என்று சொல்லும் நூல், நோய், வறுமை, வேலையின்மை எல்லாவற்றையும் வாசகரின் மனப்பாங்குக் கணக்கில் எழுதிவிடுகிறது. வென்றவர்களின் கதைகளாகவே அது நிரம்பியிருக்கும்; அதே விடியற்காலையில் எழுந்து, அதே உறுதியோடு உழைத்துத் தோற்றவர்களைப் பேட்டி காண யாரும் போவதில்லை. நம் வசத்தில் இல்லாதவை சில என்ற எபிக்டெட்டஸின் பாதி வாக்கியம் எங்கோ விழுந்துவிட்டது.

இப்போது நான் படிக்கும் முறை கொஞ்சம் மாறியிருக்கிறது. புதிதாக வாங்குவதை நிறுத்தி, தட்டில் உள்ளவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். இது மூன்றாவது சுற்று. நவில்தொறும் நூல்நயம் கூடும் என்பது உண்மைதான், ஆனால் கோடு போட்ட வரிகளில் அன்று. முன்பு அலுப்பாக இருந்த பக்கங்களில்தான் புதிதாக ஏதேனும் தட்டுப்படுகிறது. ஓர் அத்தியாயம் முடிந்ததும் மூடி வைத்து, அதில் என்ன சொன்னார் என்பதை நண்பர் ஒருவரிடம் சொல்லிப் பார்க்கிறேன். அவர் எளிதில் தலையாட்டும் ஆள் இல்லை. "சரி, அதை நீ எப்போது செய்யப்போகிறாய்?" என்று கேட்பார். எப்போது, எங்கே, எதற்குப் பிறகு என்று விடை சொல்ல வேண்டியிருக்கிறது. செயலை இப்படி நேரத்தோடும் இடத்தோடும் கட்டிவைப்பவர்களே அதைக் கூடுதலாகச் செய்து முடிக்கிறார்கள் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் காட்டியிருப்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நண்பருக்கு இன்னும் தெரியாது.

ஸ்மைல்ஸின் கதையில் ஒரு துண்டு மிச்சம் இருக்கிறது. காலராக் கூடத்தில் பேசி முடித்து ஆண்டுகள் பல கடந்தன. ஒரு மாலை அவர் வீட்டுக்கு ஒருவர் வந்தார். வார்ப்புப் பட்டறையிலிருந்து நேரே வந்தவர் போன்ற தோற்றம். அந்தக் கூட்டத்து இளைஞர்களில் தானும் ஒருவன் என்றார். இப்போது தன்னிடம் சிலர் வேலை செய்வதாகவும், நன்றாக இருப்பதாகவும், அன்று கேட்ட சொற்களை நன்றியோடு நினைப்பதாகவும் சொல்லிப் போனார். அப்போது அந்த நூல் எழுதப்பட்டிருக்கவில்லை. ஸ்மைல்ஸ் தம் பழைய பேச்சுக் குறிப்புகளோடு புதியவற்றைச் சேர்த்துக்கொண்டு, ஓய்வு கிடைத்த மாலைகளில் எழுதத் தொடங்கினார்.